மரத்தடியில் உட்கார வைக்காதீர்கள்: மாற்றுத்திறன் மாணவர்களுக்கான பி.டி. பீரியட், ஒரு முழு வழிகாட்டி

நம் வேலூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் பி.டி. பீரியட் நடக்கும்போது மைதானத்தின் ஓரத்தைப் பாருங்கள். வேப்பமரத்தடியில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். மடியில் நாலைந்து வாட்ச், பக்கத்தில் செருப்புக் குவியல், தண்ணீர் பாட்டில்கள். மற்றவர்கள் கபடி ஆட, அந்தப் பிள்ளை அவர்களுடைய பொருளுக்குக் காவல் இருக்கும். "பாவம், அதால முடியாது, நிழல்ல உட்காரட்டும்" என்று யாரோ அன்போடுதான் உட்கார வைத்திருப்பார்கள். உடற்கல்வி ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்த முதல் சில வருடங்களில் நானும் அப்படித்தான் செய்தேன். ஐந்து வருடம் அப்படி உட்கார்ந்த பிள்ளைக்கு ஒரு பந்தைப் பிடிக்கக்கூடத் தெரியாமல் போய்விடுகிறது என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

மைதானத்தில் ஒரு பிள்ளை ஓடிப்போகிறது, அடிக்கிறது, தரையில் புரண்டு அழுகிறது என்றால் முதலில் ஆட்டத்தைச் சோதித்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்கு ஏற்றபடி ஆட்டம் மாறினால் நடத்தைச் சிக்கலில் பெரும்பகுதி தானே அடங்கிவிடும். மிச்சத்துக்குத்தான் தனி வழி வேண்டும். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகிறது: முதலில் பிள்ளை, அப்புறம் மைதானம், அப்புறம் ஆட்டம், கடைசியில் நடத்தை.

தொடங்கும் முன் சட்டத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதன் 16-வது பிரிவு, அரசு நிதி பெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற பள்ளிகளில் இந்தப் பிள்ளைகளுக்குக் கல்வியோடு விளையாட்டு வாய்ப்பும் மற்றவர்களுக்குச் சமமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. "ஏதாவது ஆயிட்டா யார் பதில் சொல்றது?" என்று மேலே இருப்பவர்கள் தயங்கினால், அந்தப் பிரிவை அச்செடுத்து மேசையில் வையுங்கள். கூடவே, கீழே சொல்கிற முன்னெச்சரிக்கைகளை எழுதிய தாளையும் வையுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் அனுமதி கிடைக்கும்.

படி 1: பிள்ளையைத் தெரிந்துகொள்வது

பதிவேட்டில் 'அறிவுசார் குறைபாடு, 60 சதவீதம்' என்று இருக்கும். அந்த ஒரு வரியை வைத்து மைதானத்தில் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டாரிடம் அரை மணி நேரம் பேச வேண்டும். பள்ளியிலிருந்து கூப்பிட்டால் புகார் சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அம்மாக்கள் பயந்துகொண்டே வருவார்கள். அதனால் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்: "புகார் ஒண்ணும் இல்லம்மா. இவனையும் விளையாட வைக்கலாம்னு இருக்கேன். வீட்ல எப்படி இருப்பான்னு கொஞ்சம் சொல்லுங்க."

அப்புறம் கேளுங்கள். எது பிடிக்கும், எதற்குப் பயம், எந்தச் சத்தம் ஆகாது? வலிப்பு உண்டா, கடைசியாக எப்போது வந்தது? என்ன மாத்திரை, எந்த நேரம்? பாத்ரூம் வந்தால் எப்படிச் சொல்வான்? கோபம் வருவதற்கு முன் அவனிடம் என்ன தெரியும்? இந்தக் கடைசிக் கேள்விதான் தங்கம். அம்மாக்களிடம் இதற்குப் பெரும்பாலும் பதில் இருக்கும். "ரெண்டு காதையும் பொத்திக்குவான் சார், அப்புறம்தான் கத்துவான்" என்று ஒரு அம்மா சொன்ன ஒரே வரி, ஒரு வருடம் முழுக்க எனக்கு உதவியது.

வேலூரில் நமக்கு ஒரு வசதி உண்டு. உடல் மறுவாழ்வு மருத்துவம் இந்த ஊருக்குப் பழசு. டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். அவர் முன்னின்று 1966-ல் தொடங்கிய சி.எம்.சி. மறுவாழ்வு மையம் பாகாயத்தில் இருக்கிறது. ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோ எழுதிக்கொடுத்த பயிற்சிச் சீட்டு பல வீடுகளில் மஞ்சப்பைக்குள் மடித்துக் கிடக்கும். அதை எடுத்துவரச் சொல்லுங்கள். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் காட்டி, எது செய்யலாம், எது கூடாது என்று இரண்டு பட்டியல் எழுதி வாங்குங்கள்.

கூடாதவற்றில் சிலவற்றை நாமே மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே தளர்வு இருக்கும். டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை குட்டிக்கரணம், பல்டி, தலைகீழாக நிற்பது எதுவும் வேண்டாம். நடை திடீரென்று மாறினாலோ, கழுத்து வலி என்றாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ ஆட்டத்தை நிறுத்தி டாக்டரிடம் அனுப்புங்கள்.

டூஷென் வகைத் தசைச் சிதைவு உள்ள பையனை "இன்னும் ஒரே ஒரு ரவுண்டுடா" என்று உற்சாகப்படுத்தாதீர்கள். மற்றவர்களுக்குத் தசையை வளர்க்கும் கடுமையான பயிற்சி அவனுக்குத் தசையைக் கெடுக்கும். களைப்புத் தெரிவதற்கு முன்பே நிறுத்த வேண்டும்.

பிறவியிலேயே முதுகுத்தண்டு மூடாமல் பிறந்த பிள்ளைகளில் பலருக்கு ரப்பர் பாலில் செய்த பொருள் ஒவ்வாது. பலூன் விளையாட்டு மிகச் சுலபமான ஆட்டம் என்று எல்லாரும் சொல்வார்கள். இந்தப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் பலூனே வேண்டாம், காற்றடைத்த பிளாஸ்டிக் பந்து போதும். தலையில் நீர் வடியக் குழாய் வைத்திருந்தால் தலையால் பந்தை முட்டுவதும் கூடாது. ஹீமோபிலியா (இரத்தம் எளிதில் உறையாத நோய்) உள்ளவர்களுக்குக் கபடி போன்ற மோதல் ஆட்டம் ஆகாது. கண்ணாடி மிகத் தடிமனாக இருக்கும் அளவுக்குக் கிட்டப்பார்வை என்றால் தலையில் அடிபடும் ஆட்டங்களைத் தவிர்க்க வேண்டும், விழித்திரை விலகும் ஆபத்து உண்டு. காது கேட்பதற்காக உள்காதில் பொருத்தும் காக்ளியர் கருவி வைத்த பிள்ளை மோதல் ஆட்டத்துக்கு முன் வெளிப்பகுதியைக் கழற்றி வைக்கட்டும். கழற்றியதும் அதற்குக் காது கேட்காது என்பதை நாமும் நினைவில் வைக்க வேண்டும்.

வலிப்பு பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் தப்பு நடப்பது இங்கேதான். பிள்ளை விழுந்ததும் நாலு பேர் ஓடிவந்து கையில் சாவியைத் திணிப்பார்கள், வாயில் ஸ்பூனை வைப்பார்கள், முகத்தில் தண்ணீர் அடிப்பார்கள். எதுவும் வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். சுற்றியுள்ள கல், கம்பு எல்லாவற்றையும் நகர்த்துங்கள். தலைக்குக் கீழே மடித்த துணி வையுங்கள். பிடித்து அமுக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒன்று நின்று நினைவு திரும்பும் முன் அடுத்தது வந்தாலோ, அதுதான் முதல் வலிப்பு என்றாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். வலிப்பு உள்ள பிள்ளையை உயரத்தில் ஏற்றவும், தண்ணீரில் தனியே விடவும் கூடாது. மற்றபடி அது ஓடலாம், ஆடலாம்.

படி 2: ஒரு வாரம் வெறுமனே பார்ப்பது

உடனே பயிற்சி ஆரம்பிக்க வேண்டாம். ஒரு வாரம் ஒரு நோட்டோடு பாருங்கள். 20 மீட்டர் எப்படி நகர்கிறது? எந்தக் கையில் பிடி இருக்கிறது? உருண்டு வரும் பந்தை நிறுத்துமா, எறிந்தால் பிடிக்குமா? ஒரே நேரத்தில் எத்தனை சொல் புரிகிறது? 'பந்தை எடு' புரிந்து, 'பந்தை எடுத்து, கோட்டுக்குப் போய், எறி' புரியவில்லை என்றால் பாடத்தை எப்படி உடைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். எவ்வளவு நேரம் காத்திருக்க முடிகிறது என்பதையும் நொடிக் கணக்கில் குறியுங்கள்.

படி 3: மைதானத்தைத் தயார் செய்வது

வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அது இந்தப் பிள்ளைகளைக் கூடுதலாகச் சுடும். முதுகுத்தண்டு மேல்பகுதியில் அடிபட்டவர்களுக்கு வேர்த்து உடம்பைக் குளிர்விக்கும் வேலை சரியாக நடக்காது. வலிப்புக்கான சில மாத்திரைகளும் வியர்வையைக் குறைக்கும். காலில் உணர்வில்லாத பிள்ளைக்குச் சூடான சிமெண்ட் தரை கொப்புளம் போட்டாலும் தெரியாது. வீல்சேரின் இரும்புப் பட்டையைத் தொட்டுப் பார்க்காமல் பிள்ளையின் கையை அதில் வைக்காதீர்கள். "அவனுக்கு வெய்யிலு ஆவாது சார்" என்று பாட்டி சொன்னால் அதைச் சாக்கு என்று எடுத்துக்கொள்ளாமல் ஏன் என்று கேளுங்கள். பிப்ரவரி கடைசியிலிருந்தே இவர்களுடைய பீரியடைக் காலையின் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவரத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். முடியாவிட்டால் மரநிழல், இல்லாவிட்டால் வராந்தா.

எல்லைக் கோடு கண்ணுக்குத் தெரிய வேண்டும். சுண்ணாம்புத்தூள் காற்றில் பறந்து கண்ணில் படும்; கோலமாவு நல்லது. பார்வை இல்லாத பிள்ளைக்குச் சணல் கயிற்றைத் தரையில் போட்டு, மேலே அகலமான டேப் ஒட்டினால் கால் தடவி எல்லையைக் கண்டுபிடித்துவிடும். மைதானத்துக்கு இறங்கும் இடத்தில் ஒரு படி இருந்தாலும் வீல்சேர் அங்கேயே நின்றுவிடும், நாலு கூடை மண் கொட்டி மட்டப்படுத்துங்கள்.

விசிலைப் பற்றி ஒரு சொல். மூளை முடக்குவாதம் உள்ள சில பிள்ளைகளுக்குத் திடீர்ச் சத்தம் கேட்டால் உடம்பே தூக்கிப்போட்டு விறைத்துக்கொள்ளும். ஆட்டிசம் உள்ளவர்களில் சிலருக்கு அந்தச் சத்தம் காதுக்குள் ஊசி. காது கேளாதவர்களுக்கோ அதனால் பயனே இல்லை. சிவப்புத் துணிக்கொடி ஒன்று இந்த மூன்று சிக்கலையும் தீர்க்கும். நான் விசிலைக் கழுத்தில் போட்டிருக்கிறேன், ரோட்டில் ஓடும் பிள்ளையை நிறுத்துவது மாதிரி அவசரத்துக்கு மட்டும்.

படி 4: ஆட்டத்தை மாற்றுவது

மாற்றக்கூடியவை நாலு: இடம், விதி, பொருள், ஆட்கள். ஒரே சமயத்தில் நாலையும் மாற்றினால் அது வேறு ஆட்டமாகிவிடும். ஒன்றை மாற்றிப் பாருங்கள், போதாவிட்டால் இன்னொன்று.

ஏழு கல்லை எடுத்துக்கொள்வோம், எல்லாருக்கும் தெரிந்த ஆட்டம். வாக்கரில் நிற்கும் ஒரு பெண் இருக்கிறாள். கல் அடுக்கைத் தரையிலிருந்து ஒரு ஸ்டூலுக்கு ஏற்றுங்கள், குனிய வேண்டாம். கல்லுக்குப் பதில் தீப்பெட்டி அட்டைகளையோ மரக்கட்டைகளையோ வையுங்கள், பிடி கிடைக்கும். எறிய மூன்று கோடு போடுங்கள்: 2 மீட்டர், 4 மீட்டர், 6 மீட்டர். யார் எந்தக் கோட்டில் நிற்பது என்பதை *எல்லாருமே* தேர்ந்தெடுக்கட்டும். தூரக் கோட்டிலிருந்து அடித்தால் கூடுதல் புள்ளி. இது முக்கியம். அவளுக்கு மட்டும் கிட்டத்துக் கோடு என்றால் "ஏன் சார் அவளுக்கு மட்டும்?" என்று கேள்வி வரும், அவளுக்கும் கூச்சமாக இருக்கும். எல்லாருக்கும் தேர்வு என்றால் கேள்வியே எழாது. அவள் அணியில் அடுக்கும்போது, அவளைத் தொடுவதற்கு முன் எதிரணி மூன்று பேருக்குப் பந்தைக் கைமாற்ற வேண்டும் என்று ஒரு விதி சேர்த்தோம். இரண்டே நாளில் பிள்ளைகளே அதை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டார்கள், ஏனென்றால் அவள் வேகமாகிவிட்டாள்.

சில ஆட்டங்கள் பிறக்கும்போதே இவர்களுக்காகப் பிறந்தவை. அவற்றில் மற்ற பிள்ளைகளையும் சேர்ப்பதுதான் சிறந்த வழி. உட்கார்ந்து ஆடும் வாலிபாலுக்கு 10 மீட்டருக்கு 6 மீட்டர் இடம் போதும், வலை ஆண்களுக்கு 1.15 மீட்டர், பெண்களுக்கு 1.05 மீட்டர் உயரம். தார்ப்பாய் விரித்து எல்லாரையும் உட்கார வையுங்கள். போலியோ வந்த காலும் ஓட்டக்காரன் காலும் அங்கே ஒன்றுதான். பார்வை இல்லாதவர்களுக்கான கோல்பாலில் அணிக்கு மூன்று பேர், உள்ளே மணி வைத்த பந்து, எல்லார் கண்ணிலும் கட்டு. பந்தின் சத்தம் கேட்க வேண்டும் என்பதால் பார்ப்பவர்கள் பேசவே கூடாது. மணிப்பந்து வாங்கக் காசில்லையா? சாதாரணப் பந்தைச் சரசரக்கும் பாலித்தீன் கவரில் போட்டு முடியுங்கள், உருளும்போது நன்றாகக் கேட்கும்.

போச்சியாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், அது எனக்குப் பிடித்த ஆட்டம். ஒரு வெள்ளைப் பந்து இலக்கு. சிவப்பு ஆறு, நீலம் ஆறு. யார் பந்து வெள்ளைக்குக் கிட்டே நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. 1984-லிருந்து பாராலிம்பிக்கில் இருக்கிறது. கையால் எறிய முடியாதவர்கள் சரிவுப் பலகையில் பந்தை வைத்து உருட்டலாம், விதியே அதை அனுமதிக்கிறது. நாங்கள் நாலு அங்குல பி.வி.சி. குழாயை நீளவாக்கில் பாதியாக அறுத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, நாற்காலியின் முதுகில் சணலால் கட்டிச் சரிவு செய்தோம். பந்துக்குக் குடியாத்தம் கைலித் துணியில் சின்ன உருண்டைப் பைகள், உள்ளே புளியங்கொட்டை. ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெற்றோர் இருந்தால் தோல் வெட்டுத்துண்டு கேட்டுப் பாருங்கள், இன்னும் நன்றாக உருளும்.

அந்தக் குழாயில் முதலில் பந்தை விட்டது, ஐந்து வருடம் மரத்தடியில் வாட்ச் காத்த எட்டாம் வகுப்புப் பெண். மூளை முடக்குவாதம், இடது கை மடங்கியே இருக்கும், வலது கை நினைத்த இடத்துக்குப் போகாது. பந்தைக் குழாயின் மேல்விளிம்பில் வைத்து உள்ளங்கையால் தள்ளினாள். அது சரிந்து, கொட்டைகள் குலுங்கும் சத்தத்தோடு உருண்டு, வெள்ளைப் பந்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அவள் பந்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்வதற்குள் பக்கத்திலிருந்த பெண் நாற்காலியை இரண்டு விரல் அளவு இடதுபக்கம் நகர்த்தி, "இப்ப விடுடி" என்றாள். அடுத்தது ஒட்டிக்கொண்டு நின்றது.

படி 5: பீரியடுக்கு ஒரே அமைப்பு

நாற்பது நிமிடமும் தினமும் ஒரே வரிசையில் போகட்டும். தொடக்கத்தில் வட்டமாக உட்காருவது, அப்புறம் உடம்பைச் சூடேற்றுவது, அப்புறம் ஆட்டம், கடைசியில் தண்ணீர், மறுபடி வட்டம். இந்த ஐந்துக்கும் ஐந்து படம் வரைந்து அட்டையில் ஒட்டி மரத்தில் மாட்டுங்கள். முடிந்ததைத் திருப்பி வைக்கும் வேலையை ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள். அடுத்து என்ன என்று தெரியாத பயம்தான் பல பிள்ளைகளை ஓட வைக்கிறது.

சொல்வதைச் சுருக்கமாகச் சொல்லி, செய்து காட்டுங்கள். 'ஓடாதே' என்பதைவிட 'நட' என்பது சீக்கிரம் புரியும். காது கேளாத பிள்ளைகள் இருந்தால் வெயில் உங்கள் முகத்தில் படும்படி நில்லுங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் வாய் அவர்களுக்கு வெறும் இருட்டு. ஆட்டம் முடியப் போகிறது என்பதை ஐந்து நிமிடம் முன்னும், ஒரு நிமிடம் முன்னும் கொடியால் காட்டுங்கள்.

வரிசையை ஒழித்துவிடுங்கள். முப்பது பேர் ஒரே வரிசையில் நின்று முறை வரக் காத்திருப்பது எந்தப் பிள்ளைக்கும் கஷ்டம்; கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் உள்ள பிள்ளைக்கு முடியவே முடியாது. ஆறு ஆறு பேராகப் பிரித்து ஐந்து இடத்தில் வேலை கொடுத்தால் காத்திருப்பு அரை நிமிடத்துக்குள் வந்துவிடும். அந்தத் துறுதுறுப் பிள்ளையிடம் பந்து மூட்டையைத் தூக்கிவரச் சொல்லுங்கள், பாய் சுருட்டச் சொல்லுங்கள். கனமான வேலை அவர்களில் பலரை அமைதிப்படுத்துகிறது.

படி 6: நடத்தையைப் படிப்பது

இனி நடத்தை. இதற்கு முதல் கருவி, இருபது ரூபாய்க்கு வாங்கிய ஒரு நோட்டுப் புத்தகம். மூன்று பத்தி போடுங்கள்: முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பின்னால் என்ன கிடைத்தது. 'சேட்டை செய்தான்' என்று எழுதக் கூடாது. 'பந்தைச் சுவருக்கு அப்பால் எறிந்தான்' என்று கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும்.

ஏழாம் வகுப்பில் ஒரு பையன், ஆட்டிசம், பேச்சு அதிகம் இல்லை. பி.டி. பீரியடில் தினமும் குழாயடிக்கு ஓடிவிடுவான். நான் அப்போது இருந்த பள்ளியில், "அவனை கிரவுண்டுக்கே விடாதீங்க சார், யாராவது அவன் பின்னாடியே ஓட வேண்டியிருக்கு" என்றார்கள். பத்து நாள் நோட்டில் எழுதினேன். ஏழு நாள் அவன் ஓடியது ஒரே இடத்தில்: விசில் அடித்து வரிசையில் நிற்கச் சொல்லி இரண்டு நிமிடம் ஆன பிறகு. குழாயடியில் அவன் தண்ணீர் குடிப்பதில்லை. விரல்களை விரித்து, தண்ணீர் நடுவில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். துரத்திக்கொண்டு போனால் சிரிப்பான், அதனால் துரத்துவதும் அவனுக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது.

எல்லாம் நோட்டிலேயே இருந்தது. விசிலை நிறுத்தினேன், வரிசையை எடுத்தேன். மைதானத்தில் கூம்புகளை வைக்கும் வேலை அவனுக்கு. குழாய்ப் படம் வரைந்த ஒரு அட்டையை அவன் இடுப்புக் கயிற்றில் மாட்டினோம். அட்டையைக் காட்டினால் போகலாம், இருபது எண்ணும்வரை தண்ணீர், திரும்பி வர வேண்டும். முதல் வாரம் ஒரே பீரியடில் ஆறு தடவை காட்டினான். ஆறு தடவையும் விட்டேன், பார்த்தவர்கள் என்னைத் திட்டினார்கள். அட்டை வேலை செய்கிறது என்று அவன் நம்ப வேண்டும், அதற்குத்தான். பொங்கல் லீவு முடிந்து வந்தபோது ஒரு தடவை, இரண்டு தடவை என்று குறைந்திருந்தது. இடையில் கூம்பு வைப்பதில் அவனைவிட நேராக வைக்க ஆளில்லை என்று ஆகிவிட்டது.

பெரும்பாலான நடத்தைக்குப் பின்னால் நாலு காரணங்களில் ஒன்று இருக்கும். நம் கவனம் வேண்டும். ஒரு வேலையிலிருந்து தப்பிக்க வேண்டும். ஒரு பொருள் அல்லது ஆட்டம் வேண்டும். அல்லது அந்தச் செயலே உடம்புக்கு இதமாக இருக்கிறது. காரணத்துக்கு ஏற்றபடிதான் பதில் மாற வேண்டும். தப்பிக்க அழுகிற பிள்ளையை மரத்தடிக்கு அனுப்பினால், அழுதால் தப்பிக்கலாம் என்று நாமே கற்றுத் தருகிறோம். அதற்கு வேலையைச் சுருக்கி, "மூணு எறி, அப்புறம் ஓய்வு" என்று சொல்ல வேண்டும். கவனத்துக்காகச் செய்கிற பிள்ளைக்கு நல்லது செய்யும்போதெல்லாம் கவனம் கொடுத்து, ஆபத்தில்லாத சேட்டையை விட்டுவிட வேண்டும். விட்டதும் முதல் சில நாள் சேட்டை கூடும், அதில் தளர்ந்து போகாதீர்கள். கல்லெறிவது போன்ற ஆபத்தான செயலை மட்டும் கவனிக்காமல் விடவே கூடாது. இதத்துக்காகக் கை உதறுவது, ஆடுவது என்றால் யாருக்கும் கெடுதலில்லை, அப்படியே இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் முன் ஒன்றைச் சோதியுங்கள்: வலி, பசி, பாத்ரூம். பேச முடியாத பிள்ளை திடீரென்று மாறினால் காது வலியோ, பல் வலியோ, மாத்திரை மாறியதோ இருக்கலாம். இன்னொன்று, காது கேளாத பிள்ளை மற்றவர்களைத் தோளில் தட்டித்தான் கூப்பிடும். 'அடிக்கிறான்' என்று புகார் வந்தால் முதலில் இதை நினைத்துப் பாருங்கள்.

பரிசுக்கு நான் புளியங்கொட்டையைத்தான் பயன்படுத்துகிறேன். ஒரு டப்பா, ஐந்து கொட்டை. சொன்ன நல்ல செயலுக்கு ஒன்று போட வேண்டும், போடும்போதே ஏன் என்று சொல்ல வேண்டும்: "முறை வர்ற வரைக்கும் நின்னே, இந்தா." ஐந்தானதும் அடுத்த ஆட்டத்தை அந்தப் பிள்ளை தேர்ந்தெடுக்கலாம். ஒருமுறை போட்டதைத் திருப்பி எடுக்காதீர்கள். அது சம்பாதித்தது.

படி 7: கட்டுமீறும் நேரம்

எல்லாம் செய்தாலும் ஒரு நாள் வெடிக்கும். அதற்கு முன்கூட்டியே இரண்டு ஏற்பாடு வேண்டும். ஒன்று, வகுப்புத் தலைவருக்கு ஒரு சைகை: நீங்கள் கொடியைத் தோளில் போட்டால் மற்ற பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மறுமுனைக்குப் போய்விட வேண்டும். இரண்டு, அமைதியான ஒரு மூலை, நிழலோடு. அது தண்டனை இடமாக ஒருபோதும் ஆகக் கூடாது.

அம்மா சொன்ன அந்த முன்னடையாளம் தெரிந்தவுடனே வேலையைக் குறையுங்கள். வெடித்துவிட்டால் இரண்டு கை தூரம் தள்ளி, பக்கவாட்டில் நில்லுங்கள். குரலைத் தாழ்த்துங்கள், சொற்களைக் குறையுங்கள். அந்த நேரத்தில் புத்தி சொன்னால் எதுவும் உள்ளே போகாது. ரோட்டுக்கு ஓடினாலோ, தன்னையோ மற்றவரையோ காயப்படுத்தினாலோ தவிரப் பிடிக்காதீர்கள். அடங்கிய பிறகு தண்ணீர் கொடுங்கள், பத்து நிமிடம் விடுங்கள், சுலபமான ஒரு வேலையோடு திரும்பச் சேருங்கள். நோட்டில் எழுதுங்கள். மாலையில் வீட்டாரிடம் சொல்லும்போது பிள்ளையின் முன்னால் சொல்லாதீர்கள்.

நம் பழக்கத்தில் ஊறிப்போன இரண்டு தப்பு. ஒன்று, தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓட விடுவதும் முட்டி போட வைப்பதும். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடல் தண்டனையையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்திருக்கிறது. ஓட்டத்தைத் தண்டனையாக்கினால் பிள்ளை ஓட்டத்தையே வெறுக்கும். அடுத்தது, கணக்குப் பாடத்தில் சேட்டை செய்ததற்காக பி.டி. பீரியடை வெட்டுவது. அந்தப் பிள்ளைக்கு நாள் முழுவதிலும் உடம்பு அவிழ்ந்து கிடைக்கும் நேரம் அது ஒன்றுதான். வெட்டினால் அடுத்த பீரியடில் இன்னும் மோசமாகும். இதில் சக ஆசிரியர்களோடு நான் சண்டையே போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன்.

படி 8: துணைக்கு வரும் பிள்ளைகள்

துணைக்கு ஒருவரையே வருடம் முழுக்கப் போடாதீர்கள், அவருடைய விளையாட்டு போய்விடும். வாரம் ஒருவர் மாறட்டும். வீல்சேரைத் தள்ளுவதற்கு முன் அனுமதி கேட்க வேண்டும், அந்தப் பிள்ளை உதவி கேட்ட பிறகே உதவ வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். யாருடைய வீல்சேரையும் கேட்காமல் பிடிப்பது அவருடைய தோளைப் பிடித்து இழுப்பது மாதிரி. தொட்டுக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தால் நீங்களும் சொல்லிவிட்டே தொடுங்கள், மற்றவர்கள் பார்க்கும் இடத்தில் மட்டும். பெண் பிள்ளைகளுக்கு ஒரு டீச்சரோ ஆயாவோ கூட இருக்கட்டும்.

படி 9: முன்னேற்றத்தைக் குறிப்பது

வகுப்போடு ஒப்பிடாமல், பிள்ளையை அதன் போன மாதத்தோடு ஒப்பிடுங்கள். 'அக்டோபருக்குள் 3 மீட்டரிலிருந்து 10 எறியில் 5 கூடையில் விழ வேண்டும்' என்று அளக்கக்கூடிய ஒன்றை எழுதுங்கள். ஒரு பருவத்துக்கு இரண்டு இலக்கு போதும். ஒன்று உடம்புக்கு, ஒன்று நடத்தைக்கு.

படி 10: பள்ளிக்கு வெளியே

போட்டியில் ஆர்வமும் திறமையும் தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். சேலம் மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். பள்ளியில் அவரை உயரம் தாண்டுதலுக்குத் திருப்பியது அவருடைய உடற்கல்வி ஆசிரியர். 2024 பாரிஸில் பாட்மின்டனில் வெள்ளி வென்ற துளசிமதி முருகேசன் பக்கத்துக் காஞ்சிபுரத்துப் பெண். டிசம்பர் 3 உலக மாற்றுத்திறனாளிகள் தினத்தையொட்டி மாவட்ட அளவில் நடக்கும் போட்டிகளுக்கு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுப் பெயர் கொடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை இல்லாத பிள்ளைக்கு இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

பள்ளி ஆண்டு விழாவில் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். இந்தப் பிள்ளைகளின் போட்டியைக் கடைசியில் வைப்பார்கள். அதற்குள் சிறப்பு விருந்தினர் கிளம்பியிருப்பார், ஷாமியானா பிரிக்க ஆள் வந்திருப்பான். நிகழ்ச்சி நிரல் எழுதும்போதே போய் உட்கார்ந்து, நூறு மீட்டர் ஓட்டத்துக்கு அடுத்ததாகப் போடச் சொல்லுங்கள்.

எங்கள் பள்ளியில் அந்த வருடம் போச்சியா அப்படித்தான் வந்தது. சரிவுக் குழாயைக் கட்டி முடித்ததும், அந்த எட்டாம் வகுப்புப் பெண் வலது கையைத் தோழியிடம் நீட்டினாள். தோழி அந்த வாட்சைக் கழற்றி வாங்கிக்கொண்டு, வேப்பமரத்தடியில் போய் நின்று பார்த்தாள்.